விடுபட்ட வரி

வியாழக்கிழமை, மூன்றரை மணி.
கபரோனின் அக்டோபர் வெயில்
ஜன்னல் கண்ணாடியை முதுகால் தள்ளிக்கொண்டிருந்தது.
ஆறு கோப்புகளை மார்போடு அணைத்தபடி
குடியரசுத் தலைவரின் அறைக்குள் போனேன்.

நான் சட்டங்களுக்கு வாசகம் எழுதுகிறவள்.
எதிலும் என் பெயர் இருக்காது.
'அல்லது' என்பதை நீக்கி
'மற்றும்' என்று வாசிக்க:
இப்படியே பத்தொன்பது வருடம் பிழைத்திருக்கிறேன்.

ஒடெங் ரமாசு கண்ணாடியைத் துடைத்தார்.
பேனா சாதாரணப் பேனா, நீல மூடி,
மூடியில் பல்பட்ட தடம்.
முதல் கோப்பு, பல் மருத்துவர் மன்றத்தில்
எத்தனை பேர் வந்தால் கூட்டம் கூட்டமாகும் என்பது.
இரண்டாவது, தேன் புட்டியின் ஒட்டுத்தாள்.
மூன்றாவதும் நான்காவதும் எனக்கே நினைவில்லை.
ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி, மூன்று ஒப்பம்.
கொமொட்சோ பக்கம் புரட்டுவாள்,
அவர் எழுதுவார்,
குளிர்சாதனப் பெட்டி செருமும்.

ஆறாவது, வழி தப்பிய மாடுகள் பற்றியது.
பட்டியில் அடைபட்ட மாட்டை மீட்க
நாளொன்றுக்கு, தலைக்கு
ஐந்து புலா இருந்தது, ஏழாகிறது.

"என் அண்ணனின் காளை லெட்லகெங் பட்டியில் நிற்கிறது"
என்றார் தலைவர்.
"இரவுக்குள் ஓட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிடட்டுமா?"
சிரிக்கலாமா கூடாதா என்று
கொமொட்சோ என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் பார்த்தேன்.
மேசைக்கு எதிர்ப்புறம் நின்று
தலைகீழாக வாசிப்பது எங்கள் தொழில்நோய்.
அட்டவணையில் மாடு இருந்தது.
மாட்டுக்கு அடுத்து ஆடு இருந்தது.
நடுவில் இருந்திருக்க வேண்டும்:
"தாயோடு வந்த பால்குடிக் கன்றுக்குக் கட்டணமில்லை."
பழைய சட்டத்தில் இருந்தது.
மறுதட்டச்சில் போயிருக்கிறது.
நானே மூன்று முறை சரிபார்த்தேன்.

ஒரு வரி விழுந்துபோனதால்
ஒரு வரி வந்து விழுந்திருக்கிறது.

முதல் பிரதி முடிந்துவிட்டது.
இரண்டாவதில் 'ரமா' வரை வந்த பேனாவிடம்
"ஐயா" என்றேன்.

கேட்டார். விரலை அந்த வெற்றிடத்தில் வைத்துக் கேட்டார்.
"நாடாளுமன்றம் நிறைவேற்றியது இதைத்தானா?"
"இதைத்தான் ஐயா. எல்லோரும் 'ஆம்' என்றார்கள்."
"நான் இந்தக் கன்றை உள்ளே எழுத முடியாது."
"ஒரு காற்புள்ளிகூட முடியாது."
"கையெழுத்திடாவிட்டால்?"
"பட்டிக்காரர்களுக்குத் தீவனப் பணம் நின்றுபோகும்.
மாடுகள் தண்ணீரில்லாமல் நிற்கும்."
"கன்றுகளும்" என்றார்.

வெகுநேரம் என்று எழுதத் தோன்றுகிறது.
அரை நிமிடம்கூட இருக்காது.
'சு' போட்டு முடித்தார்.
மூன்றாவது பிரதியிலும் போட்டார்.
"திருத்தம் எப்போது?"
"பிப்ரவரி."
"அப்படியென்றால் இன்றே எழுதத் தொடங்கு, செகமெட்சி."
என் பெயர் அவருக்குத் தெரியும் என்பது
எனக்குத் தெரியாது.

சட்டத்தின் பின்னாலேயே
முட்டி முட்டி வரும் இன்னொரு சட்டம்.
அன்றிரவு அதை எழுதினேன், ஒன்றேகால் வரி.
எழுதும்போது அந்தச் சொல் உறுத்தியது.
எங்கள் மொழியில் புலா என்றால் மழை.
காசுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டோம்.
தலைக்கு, நாளொன்றுக்கு, ஏழு மழை.
வெளியே ஒரு மேகமில்லை.

அண்ணனுக்குச் சொன்னாரா, தெரியாது.

ஜனவரியில் செஹித்வாவிலிருந்து ஓர் உறை.
கடிதம் இல்லை, புகார் இல்லை,
ஒரு ரசீது மட்டும்.
பசு ஒன்று. கன்று ஒன்று. ஒன்பது நாள்.
நூற்றிருபத்தாறு பெற்றுக்கொண்டேன்.
கீழே பட்டிக்காரரின் கையெழுத்து.
ஒவ்வோர் எழுத்தாக, அழுத்தி,
கோட்டைத் தாண்டாமல் போட்டது.
குடியரசுத் தலைவருடையதைவிடத் தெளிவாக இருந்தது.

கோப்பில் வைத்தேன்.
கன்றுக்கு மட்டும் அறுபத்து மூன்று.